32 வீதக் காடு: வன்னியில் எல்லைக்கல்லை எவர் போடுவது?

அருவியாற்றான்:

2030க்குள் காட்டுப் பரப்பை நாட்டின் 32 வீதமாக்குவோம் எண்டு 2021இல் இலங்கை ஐ.நா.வுக்குக் கொடுத்த காலநிலைப் பங்களிப்பு ஆவணத்தில் இருக்கு. தொடக்கம் 29 சொச்சம். வித்தியாசம் மூன்றுக்குக் கிட்ட. நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர், அதில் மூன்று வீதம் 1,968. வவுனியா மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலே 1,967 தான்.

இது எங்கிருந்து வரப்போகுது? ஈரவலயத்தில் தேயிலையும் றப்பரும் வீடும். கொழும்பு, கம்பஹாவில் இடமே இல்லை. கண் விழுறது உலர் வலயத்தில்தான், அதிலும் முல்லைத்தீவு, மன்னார் மாதிரி ஏற்கெனவே அரைவாசிக்கு மேல் காடாக இருக்கிற மாவட்டங்களில். எண்ணைத் தீர்மானிச்சது சுற்றாடல் அமைச்சும் அதன் காலநிலை மாற்றச் செயலகமும். காட்டை அளக்கிறது பத்தரமுல்லையில் இருக்கிற வனவளத் திணைக்களம். காணிப் பேர்மிட் பிரதேச செயலாளரிடம். 80 ஹெக்டேயருக்குள் பாசனம் செய்யும் சின்னக்குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம், அதைவிடப் பெரிசு மாகாண அல்லது மத்திய நீர்ப்பாசனத்திடம். பூங்காவும் இயற்கை ஒதுக்கமும் வனசீவராசிகள் திணைக்களத்திடம். வட மாகாண சபை 2018 ஒக்டோபரோடை முடிஞ்சுது, பிறகு தேர்தலே இல்லை.

என்ரை வாதம் இதுதான்: நாட்டு இலக்கை மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்க வேணும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரே ஒரு வரைபடம், அதில் வனவளம், வனசீவராசிகள், பிரதேச செயலாளர், கமநலம், நிலஅளவை எல்லாரின்ரை கையெழுத்தும். அதுக்கு வெளியிலை ஒருதரும் புதுக்கல் போடவும் கூடாது, காணி விடவும் கூடாது. காட்டை வைச்சிருக்கிற மாவட்டத்துக்கு நிதி ஆணைக்குழு வழியாக் காசு வரவேணும்.

வீரைமரம்:

கையெழுத்து எண்ணிக்கை கூடினால் காடு காப்பாற்றப்படும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஐந்து பேர் கையெழுத்து வைக்கும் தாளில் ஐந்து பேருக்கும் தொலைபேசி அழைப்பு வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

5/2001 சுற்றறிக்கை ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். வர்த்தமானியில் ஒதுக்கமாகப் போடப்படாத மிச்சக்காடு, அதாவது நாங்கள் ஓ.எஸ்.எஃப் என்று சொல்லும் ஏனைய அரச காடு, அதற்கு முன் பிரதேச செயலாளரின் கையில் இருந்தது. அரச காணி என்றால் கொடுக்கலாம் என்பதே அங்கிருந்த பழக்கம். கொடுத்தார்கள். 2001இல்தான் அந்தச் சுற்றறிக்கையால் அதை வனவளத் திணைக்களத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். 2020இல் அதே அதிகாரத்தைத் திரும்ப மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கொடுக்கச் சுற்றறிக்கை வந்தபோது சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போனது சும்மா இல்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்குவது அரசியல்வாதி. வட்டார வன அதிகாரி கடைசி வரிசையில் இருந்து "இல்லை" என்று சொல்ல வேண்டும். அவர் அங்கே சொல்லக்கூடிய ஒரே வார்த்தை "மேலிடத்தைக் கேட்க வேண்டும்". அந்த மேலிடம் தூரத்தில் இருப்பதுதான் அவருக்குள்ள பாதுகாப்பு. உங்கள் வரைபடம் அதை அவரிடமிருந்து பறிக்கிறது.

கரம்பைக்காணி:

மேலிடம் தூரத்திலை இருக்கிறது உங்களுக்குப் பாதுகாப்பு, சனத்துக்கு?

1950களிலை இருந்து குடியேற்றத் திட்டத்திலை பேர்மிட் குடுத்த காணியள் இருக்கு. எண்பதுகளிலை எழும்பின சனம் 2009க்குப் பிறகுதான் திரும்பினது. 25 வருசம் கோடரி படாத வயலும் வளவும் பத்தையாகி, பத்தை இளங்காடாகி நிக்குது. சனம் வந்து பார்க்க முதல் செய்மதி பார்த்திட்டுது. கட்டின கிணறு, அத்திவாரம், கிளுவை வேலி எல்லாம் உள்ளுக்கை இருக்க, வெளியிலை வன இலாகாவின்ரை கல். காணிக்காரன் தன்ரை வளவுக்கை கத்தியோடை போனால் வழக்கு.

காடு எண்டால் என்ன எண்ட சர்வதேச வரைவிலக்கணத்தையே எடுங்கோ: அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம், 5 மீற்றருக்கு மேல் வளரும் மரம், 10 வீதத்துக்கு மேல் மரமூட்டம், அதாவது மரக்கிளை மூடுற பரப்பு. அதோடை "பெரும்பாலும் விவசாயப் பாவனையில் உள்ள நிலம் இதில் அடங்காது" எண்டும் இருக்கு. சனத்தைத் துரத்திப்போட்டு, பாவனையிலை இல்லை, ஆனபடியால் காடு எண்டு எழுதுறது எந்த ஊர் நியாயம்?

அதைக் கொண்டுபோய் உலகத்துக்குக் காபன் கணக்குக் காட்டுறியள். அந்தக் காபன் எங்கடை இடப்பெயர்வு வளர்த்தது.

சங்கிலியும்கல்லும்:

சண்டைக்குள் அளவை கொஞ்சம். இரண்டு பக்கமும் "வரைபடம்" என்று ஒரே பொருளைப் பேசுவதாக நினைக்கிறீர்கள், ஆனால் அவை வேறு வேறு.

லான்ட்சாட் செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர், அதாவது 900 சதுர மீற்றர். கால் ஏக்கர் வளவு 1,012 சதுர மீற்றர். ஒரு குடும்பத்தின் வளவு முழுவதும் ஒரு புள்ளிக்குச் சற்று மேல். அதில் இரண்டு மா, ஒரு பலா, நாலு தென்னை நின்றால் கணினி அதைப் பச்சை என்றுதான் வாசிக்கும். வீடு கட்டிச் சனம் இருக்கும் வளவே அப்படித் தெரியும்போது கைவிட்ட வளவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அளவுத்திட்டம். 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீற்றர் தரையில் 50 மீற்றர். எல்லைக்கோடு அரை மில்லிமீற்றர் தடிப்பு என்றால் கோட்டின் தடிப்பே 25 மீற்றர். காடு நாட்டில் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க இந்த வரைபடம் போதும். எவருடைய வேலிக்கு எந்தப் பக்கம் கல் நாட்டுவது என்று தீர்மானிக்க அது செய்யப்படவில்லை. அதற்கு முடிவுக் கிராம வரைபடமும் குடியேற்றத் திட்டத்தின் காணித்துண்டு வரைபடமும் வேண்டும், அவை நிலஅளவைத் திணைக்களத்தில் இருக்கின்றன. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்த பிரதிகள் பல இடங்களில் போரோடு போய்விட்டன, ஆனால் தலைமையகப் பிரதியை எழுதிக் கேட்டு எடுக்கலாம்.

மூன்றாவது விடயத்தை எவரும் கவனிப்பதில்லை. பழைய வரைபடங்களின் ஆள்கூறு, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள், கண்டவல என்ற இலங்கையின் பழைய அளவைத் தளத்தில் அமைந்தது. கையில் இருக்கும் ஜி.பி.எஸ் உலகத் தளத்தில் வாசிக்கிறது. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் கோடு ஏறத்தாழ 200 மீற்றர், முக்கியமாகக் கிழக்கு மேற்காக, தள்ளி விழும். ஒரு வீதியின் இந்தப் பக்கத்துக் குடியிருப்பு முழுவதும் காட்டுக்குள் போக இதுவே போதும். ஒரு திணைக்களம் ஒரு தளத்திலும் மற்றது இன்னொன்றிலும் கோப்பை வைத்துக்கொண்டு கூட்டத்தில் வருடக்கணக்காக வாதாடலாம். முதலில் ஜி.பி.எஸ்ஸைத் திறந்து எந்தத் தளத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள், பிறகு கொள்கை பேசலாம்.

வீரைமரம்:

சங்கிலி சொல்வதில் எனக்கு வழக்கு இல்லை. கோடு பிழை என்றால் திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்தம் என்ற கதவால் எது நுழைகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

வடக்கில் 1985 வரைபடத்தை அடிப்படையாக எடுப்போம் என்ற பேச்சை எடுங்கள். 1985இல் வெளியாக இருந்தது எல்லாம் இன்று விடுவிக்க வேண்டும் என்றால் அந்த வருடம் சேனைக்கு, அதாவது இடம் மாறி மாறிச் செய்யும் பயிருக்கு, வெட்டி எரித்திருந்த மேட்டுக்காடும் சேர்ந்து வரும். பேர்மிட் உள்ள வயலும் பேர்மிட் இல்லாத சேனையும் மேலிருந்து பார்க்க ஒரே வெளிதான். உரிமை பேர்மிட்டால் வருகிறதா, படத்தால் வருகிறதா?

இப்போது நடக்கும் காணி அடைப்பு எப்படி என்று தெரியாதவர்களுக்கு: ஆவணி, புரட்டாதியில் சருகு காய்ந்தவுடன் தீ. ஆர் வைத்தது என்று பிடிக்க முடியாது. முதல் மழையோடு சோளமோ உழுந்தோ. அடுத்த வருடம் மரமுந்திரிகை. மூன்றாம் வருடம் கிராம அலுவலரிடம் "பரம்பரையாகச் செய்த காணி" என்று கடிதம். காணிக்காரர் அந்த ஊரே இல்லை, உழவு இயந்திரமும் முதலும் பட்டணத்தில் இருந்து வந்தவை. இதைத்தான் "சனத்தின் காணி" என்று கூட்டத்தில் வைப்பார்கள். கரம்பைக்காணி சொல்லும் கிணறும் அத்திவாரமும் இதற்கு மறைப்பாகப் போகிறது.

காபனையும் இடப்பெயர்வையும் முடிச்சுப் போட்டு எழுதியது உணர்ச்சிக்கு நல்லது. 25 வருட மீள்வளர்ச்சியும் காடுதான். ஒரு ஹெக்டேயரில் உலர் உயிர்த்திணிவு 100 தொன் இருந்தால் அதில் காபன் 47 தொன், காபனீரொட்சைட்டாக 172 தொன். 1,000 ஹெக்டேயரை வெட்டி எரித்தால் 1,72,000 தொன். அது எவர் வளர்த்தது என்று வளிமண்டலம் கேட்காது.

கரம்பைக்காணி:

வளிமண்டலம் கேக்காது, சரி. நாட்டுக் கணக்கு கேக்குதா? அந்த 1,000 ஹெக்டேயர் நாட்டுப் பரப்பிலை 0.015 வீதம். 32 எண்ட இலக்கு இதாலை விழாது. ஒரு பேர்மிட்காரனுக்கு இரண்டு ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேடும் எண்டால் அதிலை ஆயிரம் குடும்பம் இருக்கும். கணக்குப் போட்டுத்தான் பாருங்கோவன்.

அதோடை விடுவிச்ச காணி எல்லாம் எரிச்சு வெளியாக்கப்படும் எண்டு ஆர் சொன்னது? மேட்டுவளவிலை வேம்பும் முதிரையும் வைச்சிருக்கிறதுக்கு இப்ப சனம் பயப்பிடுது. முதிரை வளர்ந்தால் தறிக்க அனுமதி, ஏத்த அனுமதி, அதோடை காணியும் காடாயிடும் எண்ட பயம். மரக்கண்டு முளைக்கவே புடுங்கிறாங்கள். உங்கடை சட்டம் மரத்தை வெட்ட வைக்குது.

துருசடி:

காணியைவிட்டு ஒருக்கா குளத்துக்கு வாங்கோ. நாலு திணைக்களமும் ஒரே இடத்திலை முட்டுறது எப்பிடி எண்டு அங்கைதான் வடிவாத் தெரியும்.

காட்டுக்கை கிடக்கிற கைவிட்ட சின்னக்குளம் ஒண்டு. கமக்காரர் அமைப்பு கமநல சேவை நிலையத்துக்கு எழுதுது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து குளக்கட்டு, தண்ணி திறக்கிற துருசு, மிச்சத்தண்ணி வழியிற வான் மூண்டையும் பார்த்து மதிப்பீடு போடுறார். மாவட்ட விவசாயக் குழுவிலை ஓம் எண்டு வருது, காசும் வருது. அதுக்குப் பிறகுதான் வனவளம் சொல்லும்: குளத்துக்குள்ளை நிக்கிறது ஏனைய அரச காடு, மரத்திலை கை வைக்காதை. ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறை தேவைக்கு மாத்திறது எண்டால் 1993 வர்த்தமானியின்படி சுற்றாடல் அங்கீகாரமும் வேணும். குளம் எண்டது காட்டை "வேறை தேவைக்கு மாத்திறதா", இல்லாட்டி இருந்த குளத்தைத் திருத்திறதா? இந்தக் கேள்விக்குப் பதில் வர ஒரு வருசம் போகும்.

கடிதம் புரட்டாதியிலை வரும். கட்டு வேலை செய்யிறதுக்கு உள்ள காலம் சிறுபோகம் வெட்டின பிறகு ஐப்பசி மழைக்கு முன்னம். எங்கடை வருச மழையிலை பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலை கொட்டிப்போடும். புரட்டாதிக் கடிதம் எண்டால் அந்த வருசம் இல்லை. காசு திரும்பிப் போகும்.

சரி, அவசரப்பட்டு வேலையைத் துவங்கினால் என்ன நடக்கும்? மரத்தை வேரோடை எடுக்க அனுமதி இல்லை எண்டு அடியோடை அறுத்துப்போட்டு மேலை மண்ணைப் போடுவாங்கள். கட்டுக்கை இருக்கிற பாலை வேர் நாலைஞ்சு வருசத்திலை உக்கும். உக்கின இடம் குழாய் மாதிரி. தண்ணி முதலிலை தெளிவாக் கசியும், பிறகு மண்ணோடை கலங்கி வரும். கலங்கி வந்தால் கட்டு போகப்போகுது எண்டு அர்த்தம். சரியான முறை எண்டால் வேரைத் தோண்டி எடுத்து, குழியை 15 சென்ரிமீற்றர் படை படையா ஈரத்தோடை இறுக்கி நிரப்பவேணும். அதுக்கு வனவளத்தின்ரை எழுத்து வேணும், எழுத்து வர வைகாசிக்கு முன்னம் கூட்டுப் பரிசோதனை வேணும். இவ்வளவுதான் ஒருங்கிணைப்பு. மாநாடு ஒண்டும் தேவையில்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்லிப்போடுறன், கரம்பைக்காணி குறை நினைக்கப்படாது. குளத்துக்கு மேலை இருக்கிற காட்டை வெட்டினால் குளம் மண் நிரம்பும். குளத்தின்ரை மேல்விளிம்பான அலைகரையோடை நிக்கிற மரவரிசை வண்டலை மறிக்கிறது. அதுக்கை உழுந்து போடுற ஆக்கள் எங்கடை கமக்காரர் அமைப்பிலையே இருக்கினம். 2017இலை பசுமைக் காலநிலை நிதியத்தின்ரை உதவியோடை மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா வடிநிலங்களிலை குளத்தொடர்களைத் திருத்தத் துவங்கினவை. மல்வத்து ஓயா எண்டது எங்கடை அருவியாறுதான். அதிலை நல்ல விசயம், தனிக்குளமாப் பாக்காமல் மேல்காடு, குளம், கீழ்க்குளம் எல்லாத்தையும் ஒரு தொடராப் பார்த்தது. வனவளத்தின்ரை எல்லையும் பிரதேச செயலாளரின்ரை எல்லையும் தண்ணி ஓடுற வழியைப் பார்த்து ஒருநாளும் போடேல்லை.

அருவியாற்றான்:

துருசடி அண்ணை சொன்னதுக்குப் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை. வீரைக்கு ஒரு கேள்வி: நீங்கள் நம்பச் சொல்லுற அந்த மேலிடம் எது?

மன்னார் விடத்தல்தீவைப் பாருங்கோ. 2016இல் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானி வந்தது. 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீளமைப்பை ஐ.நா. சுற்றாடல் திட்டம் உலக முன்மாதிரி எண்டு பாராட்டினது. அதே வருசம் மே மாதம், அதே நாடு, விடத்தல்தீவில் 168 ஹெக்டேயரை ஒதுக்கத்திலிருந்து எடுத்து இறால் வளர்ப்புக்கு விட வர்த்தமானி அடிச்சது. யூலையில் உயர்நீதிமன்றம் அதை இடைநிறுத்தினது. இதில் டி.எஸ்., அதாவது பிரதேச செயலாளர், எங்கை வாறார்? பிரதேச சபை எங்கை வருது? கொழும்பில் ஒரு அமைச்சு பாராட்டு வாங்க, இன்னொரு அமைச்சின் தேவைக்கு ஒதுக்கம் கைமாறுது. கையெழுத்து ஒண்டாக இருந்தால் காடு தப்பும் எண்ட உங்கடை வாதம் இங்கை விழுது. ஒரு கையெழுத்து எண்டால் ஒரு அழைப்பு போதும்.

காசு விசயம்: இந்தியாவில் 14ஆவது நிதி ஆணைக்குழு மாநிலங்களுக்கு வரி பங்கிடும் சூத்திரத்தில் காட்டுப் பரப்புக்கு 7.5 வீத நிறை குடுத்தது. 15ஆவது அதை 10 ஆக்கினது. காடு வைச்சிருக்கிறதால் தொழிற்சாலை, வீதி, விவசாயம் இழந்த மாநிலத்துக்கு அது ஈடு. எங்கடை நிதி ஆணைக்குழு அரசியலமைப்பின் கீழ் மாகாணங்களுக்கு எப்பிடிப் பங்கிடுறது எண்டு பரிந்துரைக்குது. அதில் காட்டுக்கு ஒரு நிறை வைக்கப் புதுச் சட்டமே தேவையில்லை.

வீரைமரம்:

விடத்தல்தீவை எடுத்தது நல்லது. அதைத் தடுத்து நிறுத்தியது எது? வர்த்தமானியில் இருந்த ஒதுக்கம். வர்த்தமானி இருந்தபடியால்தான் அதை எடுக்க இன்னொரு வர்த்தமானி தேவைப்பட்டது, அது வெளியே வந்தது, நீதிமன்றம் போக முடிந்தது. மாவட்டக் குழுவின் கூட்டக் குறிப்பில் 168 ஹெக்டேயர் போயிருந்தால் எவருக்குத் தெரிந்திருக்கும்?

இந்திய உதாரணத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் காசு மாநில அரசின் பொதுக் கணக்குக்குப் போகிறது. காட்டோரக் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று சூத்திரம் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே தெரிவுசெய்யப்பட்ட மாநில அரசாவது இருக்கிறது. வடமாகாணத்தில் காசு வந்தால் ஆளுநரிடம்தான் வரும். காட்டை இழப்பது ஒட்டுசுட்டானில், கட்டடம் எழும்புவது வேறு எங்கோ என்று முடியும்.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தைக் காட்டியும் பயனில்லை. சமூகக் காடாக்கமும் வனவிலங்குப் பாதுகாப்பும் சுற்றாடலும் மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான பொதுநிரலில் இருக்கின்றன, காணி மாகாண நிரலில் இருந்தும் 2013 செப்டெம்பரில் உயர்நீதிமன்றம் அரச காணி மத்தியிடம்தான் என்று சொல்லிவிட்டது. திருத்தம் சொன்ன தேசியக் காணி ஆணைக்குழு இன்றுவரை இல்லை. இல்லாத சபைக்கும் இல்லாத ஆணைக்குழுவுக்கும் நடுவில் காட்டை வைக்கச் சொல்கிறீர்கள்.

கரம்பைக்காணி:

வர்த்தமானி வெளிய வரும், சனம் பாக்கும் எண்டுறியள். 2025 மார்ச் 28இலை காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கிலை ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஒரு அறிவித்தல் வந்தது. மூண்டு மாசத்துக்கை உரிமையை நிரூபிக்கச் சொல்லி. ஊருக்கை எத்தினை பேர் வர்த்தமானி வாசிக்கினம்? வெளிநாட்டிலை இருக்கிற காணிக்காரன் எங்கை வாசிப்பான்? சத்தம் போட்டபடியால்தான் அது திரும்ப எடுக்கப்பட்டது. வர்த்தமானியிலை வாறது எண்டால் எல்லாருக்கும் தெரியும் எண்டது கொழும்புக் கதை.

சங்கிலியும்கல்லும்:

இரண்டு பேரும் ஒரு இடத்தில்தான் நிற்கிறீர்கள், அதைச் சொல்லத்தான் நீங்கள் விரும்பவில்லை. ஒருவருக்கு வேண்டியது பகிரங்கமான, எளிதில் கலைக்க முடியாத பதிவு. மற்றவருக்கு வேண்டியது அந்தப் பதிவு எழுதப்படும்போது காணிக்காரர் அங்கே நிற்பது. இது தரைப்பரிசோதனைத் தாள் ஒன்றில் முடியக்கூடிய வேலை.

கூட்டுப் பரிசோதனைக்கு இப்போதும் போகிறார்கள். பகுதி வன அதிகாரி, கிராம அலுவலர், காணி உத்தியோகத்தர், காணிக்காரர். பிழைப்பது எங்கே என்றால் ஒவ்வொருவரும் தன் திணைக்களத்துக்குத் தனித்தனி அறிக்கை எழுதுவதில். "முதிர்ந்த காடு" என்று ஒன்று, "கைவிடப்பட்ட விவசாயக் காணி" என்று மற்றது, ஒரே காணிக்கு. காட்டில் நின்றபடியே ஒரே தாளில் எல்லாரும் எழுதி ஒப்பமிட வேண்டும்.

என்ன எழுதுவது? அபிப்பிராயம் எழுதக்கூடாது, பார்த்ததை எழுத வேண்டும். நேர்கோட்டில் நிற்கும் கிளுவையோ பூவரசோ இருக்கிறதா? காட்டு மரம் நேர்கோட்டில் முளைக்காது, அது பழைய வேலி. பற்றையை விலக்கினால் வரம்பு கால்தட்டுகிறதா, வாய்க்காலின் தடம் உண்டா, கிணற்றுக்கட்டு உண்டா. மரங்களில் எது நிற்கிறது: ஆவரசு, நாயுண்ணி, காரை, ஆத்தி, இளவேம்பு என்றால் அது வெளியாக இருந்து பிறகு மூடிய நிலம். பாலை, வீரை, கருங்காலி 1.3 மீற்றர் உயரத்தில் 60 சென்ரிமீற்றர் விட்டத்தில் வரிசையின்றிப் பரவி நின்றால் அது முப்பது வருடத்தில் வந்த காடு இல்லை, எந்தப் பேர்மிட்டைக் காட்டினாலும். வளவு மூலையில் நிழலுக்கு விட்ட ஒரு தனிப்பாலையை வைத்துக் காடு என்று எழுதவும் கூடாது. நாலு மூலைக்கும் ஆள்கூறு, எந்தத் தளம் என்ற குறிப்போடு. மரமூட்டத்துக்குக் கீழ் கைக்கருவி 10 மீற்றர் வரை பிழைக்கும், ஆகவே ஒரு மூலையில் ஐந்து நிமிடம் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். கல் நாட்டுவது நிலஅளவையாளர் வந்த பிறகு, இந்தத் தாளை வைத்து இல்லை.

ஆவணம் இல்லாதவருக்குப் பிரதேச செயலகத்துக் காணிப் பேரேடு மட்டும் வழி அல்ல. கமநல நிலையத்தில் நெற்காணிப் பதிவேடு, பழைய தேர்தல் இடாப்பு, காணி ஆணையாளர் திணைக்களத்துப் பிரதி. 1956 ஆகாயப்படமும் இருக்கிறது, 1:40,000. 1985 வரைபடத்தை ஒரே சாட்சியாக வைப்பதைவிட 1956 படமும் லான்ட்சாட் தொகுப்பும் சேர்ந்தால் வீரை பயப்படும் சேனைக் கதை தானாகப் பிரியும். வயல் 1956இலும் வயலாக இருக்கும், சேனை இடம் மாறி மாறித் தெரியும்.

அருவியாற்றான்:

அப்ப மூன்று குவியல் வரும். முதிர்காடு: பேர்மிட் இருந்தாலும் தொடக்கூடாது, காணிக்காரருக்கு மாற்றுக்காணி. மீள்வளர்ச்சியும் பழைய குடியிருப்பு, வயல் அடையாளமும் பதிவும் உள்ளது: விடுவிப்பு. மீள்வளர்ச்சி, ஆனால் அடையாளமும் இல்லை, பதிவும் இல்லை: காடு, வர்த்தமானியில் போடலாம். வீரை, இந்த மூன்றாவது குவியல் உங்களுக்கு இலாபம். இன்று ஏனைய அரச காடு எண்டு அரைகுறையாக் கிடக்கிறது நிரந்தர வன ஒதுக்கமாகும்.

32 வீதக் கணக்குக்கும் இது உதவும். இரண்டாவது குவியலைக் காட்டுக் கணக்கில் இருந்து எடுத்தால் ஒரு மரமும் வெட்டாமல் எண் குறையும். அதுக்குத்தான் பத்தரமுல்லை பயப்பிடுது. ஆனால் அது காடழிப்பு இல்லை, வகைப்படுத்தல் திருத்தம். 2017இல் ஐ.நா.வுக்குக் குடுத்த காட்டுக் காபன் வெளியீட்டின் அடிப்படை மட்டத்தைத் திருத்திச் சமர்ப்பிக்க வழி இருக்கு. பிழையான எண்ணோடை காபன் சந்தைக்குப் போறது அதைவிட ஆபத்து. 2024இல் அசர்பைஜானின் பாக்கு நகரத்துக் காலநிலை மாநாட்டில் பாரிஸ் உடன்படிக்கையின் 6ஆவது உறுப்புரை விதிகள் முடிவாகிட்டுது; வேறை நாட்டுக்கு ஒரு தொன் காபனை விற்றால் எங்கடை நாட்டுக் கணக்கில் அதைக் கழிச்சுக் காட்ட வேணும். உரிமை வழக்கில் இருக்கிற காணியின் தொன்னை ஆர் வாங்குவான்?

துருசடி:

நாலாவது குவியல் ஒண்டை மறந்திட்டியள். மேய்ச்சல் தரை. காலபோகம் விதைச்சவுடனை மாட்டை வயலுக்கை விடேலாது, மார்கழி, தையிலை எங்கை கட்டுறது? காட்டுக்கைதான். வன ஒதுக்கத்துக்கை மாடு மேய்க்கிறது குற்றம். மூண்டாம் குவியலை முழுக்க வர்த்தமானியிலை போட்டால் அடுத்த நாள் மாட்டுக்காரன்தான் குற்றவாளி. மேய்ச்சல் நிலத்தை டி.எஸ். ஒதுக்கவேணும், கால்நடை மாகாணத்திட்டை, காடு மத்தியிட்டை. உந்தத் தாளிலை அதுக்கும் ஒரு கட்டம் போடுங்கோ: மாட்டுப்பாதை, பட்டி அடைச்ச இடம், எருக்குவியல். அதெல்லாம் தரையிலை தெரியும்.

1907 சட்டத்திலையே கிராமக் காடு எண்டு ஒரு பகுதி இருக்கு. அதை ஆரும் இஞ்சை பாவிச்சதாத் தெரியேல்லை. மேய்ச்சலுக்கு, விறகுக்கு, குளத்து மேல்காட்டுக்கு அது பொருந்தும்.

வீரைமரம்:

தாளை ஏற்றுக்கொள்கிறேன். கிராமக் காட்டையும். இரண்டை ஏற்கமாட்டேன்.

ஒன்று, இறுதி விடுவிப்பு மாவட்டத்தில் முடியக்கூடாது. தாள் மாவட்டத்தில், ஒப்பம் வனப் பாதுகாப்பு ஆணையாளர் நாயகத்திடம். ஆனால் அவருக்கும் காலக்கெடு, 60 நாள். மறுத்தால் தாளில் உள்ள எந்த அவதானிப்பு பிழை என்று எழுத்தில் காரணம். பதில் இல்லாவிட்டால் விடுவித்ததாகக் கொள்ளலாம் என்று எவராவது சொன்னால் அதற்கு எதிர்ப்பு: கோப்பை ஒளித்து வைத்தே காணி எடுப்பார்கள்.

இரண்டு, பூங்கா, இயற்கை ஒதுக்கங்களின் எல்லையில் இருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலைக்கு வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மடுவீதிப் பூங்கா, சுண்டிக்குளம், நந்திக்கடல், நாயாறு எல்லாவற்றையும் சுற்றி அந்த ஒரு மைலைக் கீறினால் எத்தனை கிராமம் உள்ளே வரும் என்று பாருங்கள். விடுவித்த காணி அந்த வளையத்துக்குள் இருந்தால் காணிக்காரர் வீடு கட்டும்போது அடுத்த திணைக்களத்திடம் மாட்டுவார். ஆகவே முதல் நாளே வனசீவராசிகளும் தாளில் ஒப்பமிட வேண்டும், யானை வழியையும் அங்கேயே குறிக்க வேண்டும். பிறகு வந்து மின்வேலியைக் காணிக்கு நடுவால் போடக்கூடாது.

கரம்பைக்காணி:

60 நாளிலை பதில் வராட்டி?

வீரைமரம்:

வராவிட்டால் கோப்பு அரச அதிபரின் தலைமையில் மாவட்டத்தில் பகிரங்கக் கூட்டத்துக்கு வரட்டும், ஆணையாளர் நாயகத்தின் பிரதிநிதி அங்கே நின்று பதில் சொல்லட்டும். தானாக விடுபடாது.

கரம்பைக்காணி:

அந்த 60 நாளும் காணிக்காரன்ரை வழக்கு நிக்கவேணும். தாள் எழுதின நாளிலை இருந்து புது வழக்கும் வேண்டாம், புதுக்கல்லும் வேண்டாம். அவனும் மரம் தறிக்க மாட்டன் எண்டு கையெழுத்து வைப்பான். கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் மட்டும் விடுங்கோ.

சங்கிலியும்கல்லும்:

வேலி அடைப்பதென்றால் கம்பிக்கட்டையா, கிளுவையா என்று தாளில் எழுதி வையுங்கள். சீமெந்துத் தூண் நட்டால் அடுத்த பரிசோதனைக்கு அதுதான் "பழைய எல்லை" என்று காட்டப்படும். தாளின் மூலப்பிரதி கச்சேரியில், ஆள்கூற்றுக் கோப்பு நிலஅளவையில், ஒரு பிரதி கையோடு காணிக்காரருக்கு. ஒப்பமிட்ட தாளை அங்கேயே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள், கச்சேரி போய்ச் சேரும்போது பக்கம் குறையாமல் இருக்கும்.